வீட்டருகே பூங்கா இருந்தால் வயதானவர்களின் மனநிலை மாறுமா?

அம்மா இறந்த பிறகு அப்பா அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை, பூங்கா பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு மாறினால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். ஆனால் பூங்கா எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். அப்பா யார் துணையும் இல்லாமல் போய்வர முடியுமா என்று பாருங்கள்.

என் அப்பாவும் அம்மா போன பிறகுதான் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு எங்களோடு வந்தார். அப்போது பூங்காவுக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போனேன். "உனக்கு எதுக்குப்பா சிரமம்" என்று மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டார். அங்கே கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கும். அதற்குப் பயந்து அவர் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் மயிலாப்பூரில், நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நாலு நிமிட நடையில் வாடகை வீடு கிடைத்தது. இரண்டு நாள் கூடப் போனேன். மூன்றாம் நாள் விடிகாலை செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தால், அவரே கிளம்பிவிட்டார்.

ஒரு சுற்றுதான் நடப்பார். பிறகு தோள் துண்டால் பெஞ்சின் ஈரத்தைத் துடைப்பார், பக்கத்தில் உட்காரும் ரயில்வே ஓய்வூதியக்காரரின் இடத்தையும் சேர்த்து. ஒரு நாள் அவர் வரவில்லை. "அவருக்கு என்ன ஆச்சோ" என்று வீட்டுக்கு வந்தும் நாலு தடவை சொன்னார். அம்மாவுக்குப் பிறகு அப்பா இன்னொருவருக்காகக் கவலைப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

டோக்கியோவில் 3,000-க்கும் அதிகமான முதியவர்களை 5 ஆண்டுகள் கவனித்து, 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டருகே நடந்துபோகப் பசுமையான இடம் உள்ளவர்கள் கூடுதலாக உயிர்வாழ்ந்தது அதில் தெரிந்தது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய 2019 ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்களே கூடுதல் உடல்நலமும் மனநிறைவும் உள்ளதாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. தினம் இருபது நிமிடம் போதும்.

ஒன்று மட்டும். சாப்பாடும் தூக்கமும் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால், பூங்காவை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அப்பாவை அந்த வீட்டு வாசலிலிருந்து பூங்கா பெஞ்சு வரை ஒரு காலையில் நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள். சாலையைக் கடக்கும்போது அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தால், வேறு வீடு தேடுங்கள்.