நிணநீர்க் கணுவில் ஆரம்பநிலை மாற்றம்: புற்றுநோயா?

கேள்வி: என் வயது 54. குடலிறக்க அறுவை சிகிச்சையின்போது எடுத்த நிணநீர்க் கணுவின் பயாப்ஸி அறிக்கையில் ‘இன் சிட்டு ஃபாலிகுலர் நியோபிளேசியா, பிசிஎல்-2 பாசிட்டிவ்’ என்று உள்ளது. இது புற்றுநோயா? என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: இது புற்றுநோய் அன்று, லிம்போமா எனும் நிணநீர் மண்டலப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடிய ஒரு மாற்றம். முன்பு இதையும் லிம்போமா என்றே குறிப்பிட்டு வந்ததால் சிலர் தேவையற்ற அச்சத்துக்கு ஆளானார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பிந்தைய வகைப்பாட்டில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது சரியான முடிவு என்பேன்.

எலும்பு மஜ்ஜையில் பி செல்கள் (நோய் எதிர்ப்புக்கான ஒருவகை வெள்ளணுக்கள்) உருவாகும்போது, எதிர்ப்புப் புரதங்களுக்கான மரபணுக்கள் வெட்டி ஒட்டப்படுகின்றன. அப்போது நேரும் பிழையால், 18ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்-2 மரபணு 14ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறி, ஓயாமல் வேலை செய்யத் தொடங்குகிறது. அது உருவாக்கும் புரதம் செல்லைச் சாகவிடாது. கணுவில் பி செல்கள் பெருகித் தேர்ந்தெடுக்கப்படும் இடங்களான முளைமையங்களில், தகுதியற்ற பி செல்கள் மடிவதே இயல்பு என்பதால் அங்கே இப்புரதம் பொதுவாகக் காணப்படாது. உங்கள் கணுவில் அது தென்பட்டதைத்தான் அறிக்கை கூறுகிறது. ஆனால் இந்த இடமாற்றம் மட்டும் நோயை உண்டாக்கிவிடாது. நுட்பமான சோதனைகளில், ஆரோக்கியமான பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில், லட்சக்கணக்கான செல்களுக்கு ஒன்று என்ற அளவில், இதே மாற்றம் காணப்படுகிறது. வயது கூடக் கூட அதிகரிக்கிறது. கேஎம்டி2டி, கிரெப்பிபி, இஇசட்ஹெச்2 (EZH2) போன்ற மரபணுக்களிலும் பல ஆண்டுகளில் பிறழ்வுகள் சேர்ந்தால்தான் ஃபாலிகுலர் லிம்போமா என்ற லிம்போமா வகை உருவாகும். உங்களைப் போன்றவர்களில் அந்நிலையை அடைவோர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

ஆயினும் ஒன்றை உறுதிசெய்தாக வேண்டும். சிலருக்கு, கணுவில் இம்மாற்றம் தெரியும் அதே வேளையில் உடலின் வேறிடத்தில் லிம்போமா ஏற்கெனவே இருக்கக்கூடும். எனவே இரத்தவியல் மருத்துவரிடம் உடல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிடி அல்லது பெட்-சிடி ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். கணுவின் ஒரு பகுதியில் மட்டும் பரவிய உண்மையான லிம்போமா சில வேளைகளில் இதுபோலவே தோன்றுமாதலால், பயாப்ஸியின் கண்ணாடிச் சில்லுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டியையும் பெற்று, லிம்போமா நோயியலில் அனுபவமுள்ள மற்றொரு நிபுணரிடம் காட்டுவதும் நல்லது. வேறெங்கும் நோய் இல்லையெனில் மருந்து எதுவும் வேண்டாம்; கண்காணிப்பு போதும். கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டிக் கரையாமல் நின்றாலும், இரவில் உடை நனையுமளவு வியர்த்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இம்மாற்றம் உங்கள் பி செல்களில் பிற்பாடு நேர்ந்தது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருப்பதன்று. ஆகவே அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. இதற்காக அவர்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை.