ஷிப்பிங்கை நடுவில் மாற்றிவிட்டார்களா? வாசகர் கேள்விகள்

தபாலில் அனுப்புவதாகச் சொன்ன அமெரிக்க விற்பனையாளர், 'கூடுதல் காசில்லாமல் எக்ஸ்பிரஸ் கூரியருக்கு மாற்றிவிட்டேன்' என்கிறார். லாபம்தானே? (மயிலாப்பூர்)

நாள் மிச்சம், காசு மிச்சமா என்பது வேறு. தபால் என்றால் சுங்கவரியைத் தபால்காரர் வீட்டு வாசலில் வாங்கிக்கொள்வார். கூரியர் என்றால் பார்சல் மீனம்பாக்கத்தில் இறங்கியதுமே கேஒய்சி (நீங்கள் யார் என்பதற்கான அடையாளச் சான்று) கேட்பார்கள். நம்மூரில் பெரும்பாலும் சிக்குவது இனிஷியலில்தான்: லேபிளில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயரை விரித்து வேறு மாதிரி. அனுப்பும் முன்பே ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். வரியை முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும். அதனால் 'டிடிபியா, டிஏபியா?' என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். டிடிபி என்றால் வரி விற்றவர் தலையில். டிஏபி என்றால் உங்கள் தலையில்.

இன்னொன்று. பொருள் விலைக்கு மட்டுமல்ல, ஷிப்பிங், காப்பீடு சேர்த்துத்தான் வரி. ஆனால் 2007 சுங்க மதிப்பீட்டு விதிப்படி, விமானக் கட்டணத்தைப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 4,500 ஷிப்பிங் ஆனாலும் மதிப்பில் ஏறுவது 2,000தான். ரசீதில் அதைச் சரிபாருங்கள். கட்டணம் எவ்வளவென்றே தெரியாவிட்டாலும் அதே 20 சதவீதம்தான் போடுவார்கள். எனவே 'இலவச ஷிப்பிங்' என்பதை நம்பி மகிழ வேண்டாம்.

பெட்டி கட்டிய பிறகு விற்பனையாளர் கூடுதல் ஷிப்பிங் கேட்கிறார். ஹெட்போன் ஒன்றரைக் கிலோகூட இல்லையே? (வேளச்சேரி)

எக்ஸ்பிரஸ் கூரியரில் எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே காசு. கொள்ளளவு எடைக்கு, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுங்கள். 40×30×20 பெட்டி 4.8 கிலோ, 30×20×15 பெட்டி 1.8 கிலோதான். அளவைக் கேட்டு வாங்கி, சின்னப் பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படியும் கொடுக்க வேண்டியிருந்தால் பொருள் வாங்கிய தளத்தின் வழியாக மட்டும் கொடுங்கள். தனியாக அனுப்பும் பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பு கிடையாது.

வரி குறைய 'கிஃப்ட்' என்று போடச் சொல்லலாமா? (அண்ணா நகர்)

கூடாது. 2019 டிசம்பரிலிருந்து உயிர்காக்கும் மருந்து, ராக்கி தவிர வேறெதையும் தபாலிலோ கூரியரிலோ கிஃப்ட் என்று சொல்லி வரியில்லாமல் எடுக்க முடியாது.

'கப்பல் தாமதம், இன்னும் பொறுங்கள்' என்றே விற்பனையாளர் மூன்று மாதமாகச் சொல்கிறார். (தாம்பரம்)

அவர் பொறுக்கச் சொல்லும்போது நீங்கள் புகார் செய்வதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இ-பேயில், கடைசியாகக் காட்டிய டெலிவரி தேதியிலிருந்து 30 நாள். பேபாலில், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். பேபாலில் புகார் பதிந்தபின் 20 நாளுக்குள் அதை 'கிளைம்' (பேபாலே தீர்ப்புச் சொல்லும் கட்டம்) ஆக மாற்றாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், மூடியது திறக்காது. 'புகாரை மூடுங்கள், உடனே அனுப்புகிறேன்' என்று கெஞ்சினாலும் பொருள் கைக்கு வரும்வரை மூடாதீர்கள்.

'முகவரி தவறு, 25 ரூபாய் கட்டுங்கள்' என்று தபால்துறை பெயரில் லிங்க் வந்தது. (பெரம்பூர்)

மோசடி. தொடாதீர்கள், டிராக்கிங் எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கார்டு விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள், அடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.