அயர்லாந்துக்காரர்கள் இன்றும் பேசும் ‘வாண்டர்லி வேகன்’ எப்படிப்பட்ட நிகழ்ச்சி?

அயர்லாந்தின் ஆர்.டி.இ. தொலைக்காட்சியில் 1967 முதல் 1982 வரை வந்த சிறுவர் தொடர் அது. பறக்கும் மாயக் கூண்டு வண்டி ஒன்றில் மனிதர்களும் பொம்மைகளும் ஊர் ஊராகச் சுற்றுவதுதான் கதை.

தொடரின் உயிர்நாடி யூஜின் லாம்பர்ட். குரல் மாற்றிப் பொம்மையைப் பேச வைக்கும் கலையில் தேர்ந்தவர். ஓ’பிரையன் என்ற வண்டிக்காரராகத் திரையில் தோன்றினார். பொம்மைகளுக்குப் பின்னால் அவருடைய குடும்பமே உழைத்தது. 1972-இல் டப்ளினுக்கு அருகே மங்ஸ்டவுனில் தனிப் பொம்மை அரங்கையும் தொடங்கினார்கள்.

பொம்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜட்ஜ் என்ற நாய். தொங்கும் காதுகள், நிதானமான பேச்சு, எல்லோரையும்விடத் தெளிவான புத்தி. பிள்ளைகள் அதை எவ்வளவு நம்பினார்கள் என்றால், சாலையைப் பாதுகாப்பாகக் கடப்பது எப்படி என்று சொல்லித்தரும் அரசு விளம்பரத்துக்கே ஜட்ஜை அழைத்தார்கள். குயில் கடிகாரத்துக்குள் குடியிருந்த வாயாடிக் காகமும், சூழ்ச்சிக்கார ஸ்னீக்கி பாம்பும் அடுத்தடுத்து நினைவுக்கு வருபவை.

எழுத்தும் சாதாரணமானதல்ல. பின்னாளில் ஆஸ்கர் பெற்ற திரைப்பட இயக்குநர் நீல் ஜோர்டன் இளம் வயதில் இதற்குக் கதை எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குத்தானே என்று ஏனோதானோவென்று செய்யவில்லை. அதுதான் இந்தத் தொடரின் பெரிய பலம் என்பேன்.

வருத்தம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஒளிநாடாவின் விலை அதிகம் என்பதால், பதிவானதை அழித்துவிட்டு அதே நாடாவை மறுபடி பயன்படுத்தினார்கள். அதனால் பெரும்பாலான பகுதிகள் இன்று இல்லை. எஞ்சியவற்றில் சிலவற்றைத் தொகுத்துப் பின்னர் டிவிடியாக வெளியிட்டார்கள். கிடைத்தால் முதலில் ஜட்ஜ் வரும் காட்சிகளைப் பாருங்கள்.