அரசு மாறினாலும் நிரந்தரச் செயலாளர் எப்படி நீடிக்கிறார்?

மொரிஷியஸில் ஆட்சி மாறிய பின்னும் அமைச்சகங்களின் தலைமை அதிகாரிகளான நிரந்தரச் செயலாளர்கள் பணியில் தொடர்வது எவ்வாறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

1968 மார்ச் 12 அன்று விடுதலையோடு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், அரசுப் பணி நியமனங்களைப் பொதுச் சேவை ஆணையத்திடம் ஒப்படைத்துள்ளது. ஆணையம் நிரந்தரச் செயலாளரை நியமிக்கும் முன் பிரதமரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அவர் மறுத்தால் நியமனம் நடவாது. அத்துடன், அப்பதவியில் இருப்பவரை அதே ஊதியத்துடன் வேறோர் அமைச்சகத்துக்கு மாற்றும் அதிகாரமும் பிரதமரிடமே இருக்கிறது. ஆகவே புதிய அரசு அவரை இடம் மாற்றலாம். ஆனால் தேர்தலில் வென்றதை மட்டும் காரணமாக்கி ஒருவரைப் பணியிலிருந்து நீக்கிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டின் அருமை 1982, 1995 போன்ற ஆண்டுகளில் விளங்கும். தீவின் 60 நாடாளுமன்ற இடங்களையும் ஒரே அணி கைப்பற்றி, பழைய அமைச்சரவை முழுவதும் வெளியேறிய அந்நாட்களில், கோப்புகளின் வரலாற்றையும் பாதியில் நின்ற திட்டங்களின் நிலையையும் புதிய அமைச்சர்களுக்கு எடுத்துரைக்கக் கூடியவர்கள் தலைநகர் போர்ட் லூயிஸ் அலுவலகங்களில் இருந்த இந்த அதிகாரிகளே.

உதவி நிரந்தரச் செயலாளர், துணை நிரந்தரச் செயலாளர் என்று படிப்படியாக ஏறி, பல அமைச்சகங்களைக் கண்டுதான் பெரும்பாலோர் இவ்விடத்தை அடைகிறார்கள். பிள்ளைகள் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ வேண்டும் என விரும்பும் நம் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பாதையையும் மதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமைச்சரின் பொதுவான வழிகாட்டலுக்கு உட்பட்டுத் துறையை மேற்பார்வையிடுவதே நிரந்தரச் செயலாளரின் கடமை. கொள்கை முடிவு அமைச்சருடையது.