மட்டக்களப்பில் பொலிஸாருக்காக வாதாடும் சட்டத்தரணி ஆகலாமா?

பொலிஸாருக்கும் அரச நிறுவனங்களுக்கும் வாதாடுவதையே மட்டக்களப்பில் தொழிலாகக் கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. அரச திணைக்களங்களுக்குப் பெரும்பாலும் சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டத்தரணியே தோன்றுவார். அங்கே சேர்வதுதான் நேர்வழி.

பொலிஸார் மீதான சித்திரவதைக் குற்றச்சாட்டு வேறு கதை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவரே சட்டமா அதிபர். பொலிஸ்காரர் தனியார் சட்டத்தரணியைத்தான் நாட வேண்டும். குற்றம் நிரூபணமானால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. அந்த வழக்கின் உயிர், முறைப்பாடுகளையும் கைதுகளையும் பதியும் பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தில் இருக்கும். கைது செய்த நேரத்தை வேறு மையில் திருத்திய ஒரே ஓர் எண் போதும், எல்லாம் ஆட்டம் காண. முறைப்பாடு தமிழில், பதிவு சிங்களத்தில் என்றால் இரண்டையும் நீங்களே வாசிக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை முதலில் படியுங்கள்; கட்சிக்காரர் சொல்வதைப் பிறகு கேளுங்கள்.