பழைய சேலையில் போர்வை: பாதியில் நிற்பவர்கள் கேட்டவை

வீட்டில் போர்வை தைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. என் வேலை எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய காட்டன் சேலை, வேட்டி, தையல்கடை வெட்டுத்துணி ஆகியவற்றை அடுக்கி, ஊடே ஓட்டுத் தையல் போட்டு இணைக்கும் போர்வைகளை இருபது வருடமாகத் தைக்கிறேன். வெளிநாட்டில் குயில்ட் என்பதும் இந்தக் குடும்பம்தான். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "ஆரம்பித்தேன், முடிக்கவில்லை." அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஈரோடு): அக்கா, டபுள் காட்டுக்கு என்று சதுரம் சதுரமாக வெட்டி, மேல் துணி முழுவதையும் தைத்துவிட்டேன். அதோடு பீரோவில் வைத்தது, இரண்டு வருடம் ஆகிறது. எடுக்கவே மனசு வரவில்லை. எனக்குச் சோம்பல்தான் காரணமா?

இல்லை. எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நீங்கள் நின்ற அதே இடத்தில்தான் நிற்கின்றன. மேல் துணி முடிந்தது, அடித் துணி, நடு அடுக்கு, மேல் துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்க்க வேண்டும், அங்கே நின்றுபோனது. இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்றால் அதைச் சோம்பல் என்று சொல்லக்கூடாது. அந்த இடத்தில் வேலையே வேறு வேலையாக மாறிவிடுகிறது.

சதுரம் இணைப்பது உட்கார்ந்த இடத்து வேலை. குக்கர் விசில் வருவதற்குள் நாலு சதுரம் தைத்துவிடலாம். அடுக்குச் சேர்ப்பது அப்படி இல்லை. தரையைத் துடைத்து, அடித் துணியை விரித்து, நடு அடுக்கு, மேல் துணி என்று சுருக்கமில்லாமல் போட்டு, அடுக்குகள் நகராதபடி நூலோட்டம் போட்டு முடிக்கும்வரை யாரும் அந்த வழியாக நடக்கக்கூடாது. அரை நாள் வேண்டும், காலியான கூடம் வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். நம் வீடுகளில் இந்த மூன்றும் ஒரே நாளில் அமைவது அபூர்வம்.

அளவையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். குழந்தைப் போர்வை 36க்கு 45 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு ஒரு வரி என்று தைத்தால் 36 வரி, மொத்தம் 1,620 அங்குலம், அதாவது 41 மீட்டர். உங்கள் டபுள் காட் போர்வையை 90க்கு 100 என்று வைத்தால் 9,000 அங்குலம். ஏறக்குறைய 230 மீட்டர் ஓட்டுத் தையல்! கடையில் பார்க்கும்போது ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரிது என்றுதான் தோன்றும். தைக்கும் கைக்கு அது ஐந்தரை மடங்கு வேலை.

சரி, இருக்கும் துணியை என்ன செய்வது? மேல் துணியைக் குறுக்கே மூன்றாக வெட்டுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நடு அடுக்கும் அடித் துணியும் வைத்துத் தையுங்கள். ஒரு துண்டு மடியில் அடங்கும், கட்டில்மேலேயே விரிக்கலாம், டிவி பார்த்துக்கொண்டே தைக்கலாம். மூன்றும் முடிந்த பிறகு, இணைப்பின் மேலும் கீழும் இரண்டு அங்குலப் பட்டி வைத்து மூடிவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு அந்தப் பட்டி முதலிலேயே யோசித்துப் போட்ட கோடு மாதிரிதான் தெரியும்.

இனிமேல் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இன்னொரு வழி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். மேல் துணியைத் தனியாகத் தைத்து வைத்துக்கொள்ளும் கட்டமே அதில் கிடையாது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, அடித் துணியோடு சேர்த்தே ஓட்டுத் தையல் போடுவார்கள். அதன் பக்கத்தில் அடுத்த துண்டு. இப்படியே நான்கு ஓரமும் சுற்றி வந்து, சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். இணைப்பது, அடுக்குச் சேர்ப்பது, ஓரம் கட்டுவது எல்லாம் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டம் வேண்டாம், காலியான கூடமும் வேண்டாம். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணி வைப்பார்கள், அதற்கு 'பூலா', பூ என்று அர்த்தம். பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தி ஆகாது. பாதியில் நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த முறையைத்தான்.

கேள்வி (கோவை): தொடங்க எந்தத் தையல் மெஷின் வாங்கலாம்?

வாங்க வேண்டாம். வீட்டில் கால்மிதி மெஷின் இருந்தால் போதும். ஊசியை 16ஆம் எண்ணுக்கு மாற்றி, தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். மெஷினே இல்லையென்றால் கையூசியும், விரலில் மாட்டும் ஒரு அங்குஸ்தானும் போதும்.

கேள்வி (தாம்பரம்): நடுவில் பாலியெஸ்டர் ஷீட் வைக்கலாமா? இலவம்பஞ்சு நல்லது என்கிறார் மாமியார்.

இலவம்பஞ்சு தலையணைக்கும் மெத்தைக்கும் அருமை. போடி இலவம்பஞ்சுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் போர்வையைத் துவைத்தாக வேண்டும். துவைத்தால் அது ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். பாலியெஸ்டர் ஷீட் ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் மாதத்தில் அதைப் போர்த்திக்கொள்ள முடியாது.

நம் வெயிலுக்குச் சேலைக்குச் சேலையே நடு அடுக்கு. ஐந்தரை மீட்டர் காட்டன் சேலையை மூன்றாக வெட்டினால் ஆறடி நீளத்தில் மூன்று துண்டு வரும். மூன்றையும் அடுக்கித் தைத்தால் ஒரு ஆள் போர்வை தயார். துவைக்கத் துவைக்க மென்மையாகும். வங்காளத்துக் காந்தாவும் இப்படிப் பழஞ்சேலை அடுக்கில் பிறந்ததுதான். முன்பெல்லாம் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலிலேயே தைத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் சாயம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சாயம் பார்ப்பது என்றால்? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும்தானே?

போதாது. இதைத்தான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உப்போ வினிகரோ, இன்று கடையில் வாங்கும் துணியின் சாயத்தைக் கெட்டியாக்காது. சாயம் ஏற்றும்போது பட்டறையில் சரியாகப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துணியின் ஒரு முனையை வெந்நீரில் நனைத்து, அதில் வெள்ளை வேட்டித் துண்டை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். வெள்ளை நிறம் மாறினால் அந்தத் துணியைத் தனியாக இரண்டு மூன்று முறை துவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் விட்டால் அதைச் சேர்க்கவே வேண்டாம். அடர் சிவப்பு, கறுப்பு, கருநீலம், புதுச் சுங்கடி எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை கட்டாயம். எட்டு மாதம் தைத்த போர்வை முதல் துவையலில் ரோஸ் நிறமாகிப் போவதை நான் அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): எவ்வளவு கவனமாக வெட்டினாலும் என் சதுரங்களின் மூலைகள் சேரவே மாட்டேன் என்கின்றன. வெறுத்துப்போய் மூட்டை கட்டிவிட்டேன்.

வெட்டியதில் தப்பு இருக்காது, தையல் விடும் அளவில் இருக்கும். தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். அதில் அரைக்கால் அங்குலம் கூடிப்போனால், இரண்டு சதுரத்திலுமாகச் சேர்ந்து ஒரு இணைப்புக்குக் கால் அங்குலம் போகிறது. 8 சதுர வரிசையில் 7 இணைப்பு, ஒன்றே முக்கால் அங்குலம் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையில் வேறு அளவு போகும். அப்புறம் மூலை எப்படிச் சேரும்? மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு டேப் ஒட்டி, அதையொட்டியே துணியை ஓட்டுங்கள்.

ஏற்கெனவே தைத்ததைப் பிரிக்காதீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தேய்ந்துபோன வேலை உடுப்புகளையும் ஜீன்ஸ் துணியையும் வைத்து, குளிருக்காகத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் அப்புறம் நியூயார்க்கிலும் சுவரில் மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்கத் தபால் தலையாகவும் வந்தன. அவற்றில் கோடுகள் வளையும், சதுரங்கள் சாயும். அந்தச் சாய்வில் ஒரு உயிர் இருக்கிறது. உங்கள் மூட்டையை இன்றைக்கே பிரியுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): அம்மாவின் கல்யாணப் பட்டு பீரோவில் சும்மா கிடக்கிறது. அதை வெட்டிப் போர்வை தைக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குள்ளேயே மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து ஒருவர்: "தாலி கட்டிய சேலையில் கத்தரிக்கோல் வைப்பதா? மகாபாவம்." சிவகாசியிலிருந்து ஒருவர்: "வெட்டாமல் வைத்து என்ன கண்டோம்? என் பாட்டி பட்டு பீரோவிலேயே இற்றுத் தூளாகப் போனது. போர்வையாக இருந்தால் பேரப்பிள்ளைகள் தொட்டாவது பார்த்திருப்பார்கள்." பெங்களூரிலிருந்து ஒருவர், பழைய ஜரிகையை நல்ல விலைக்கு எடுக்கிறார்கள், விற்றுவிட்டுப் புதுத் துணி வாங்கலாம் என்கிறார். அதற்குத் திருச்சிக்காரர் கோபப்பட்டு நாலு பதில் எழுதியிருக்கிறார்.

என் கருத்தைச் சொல்கிறேன். சேலையின் மடிப்போரத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறல் விடவில்லை என்றால் அது இன்னும் சேலை. உடுத்துங்கள், இல்லையென்றால் மல் துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடப்பதால்தான் பட்டு அங்கே இற்றுப்போகிறது. மடிப்பு கீறிவிட்டால் இனி அதை உடுத்த முடியாது. நல்ல பகுதிகளை எடுத்துத் தைப்பதில் எந்தப் பாவமும் இல்லை. பின்புறம் மல் துணி வைத்துச் சேர்த்து, சுவரில் மாட்டும் அளவில் செய்யுங்கள். பட்டையும் காட்டனையும் கலந்து அன்றாடப் போர்வை தைக்காதீர்கள். ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது.

திருச்சிக்காரர் மீண்டும்: இற்றுப்போனாலும் அது அம்மாவின் சேலை. நீங்கள் உங்கள் அம்மா சேலையை வெட்டுவீர்களா?

வெட்டினேன். அம்மா போன அடுத்த வருடம், மாம்பழ நிறப் பட்டு, மடிப்பெல்லாம் கீறிப்போயிருந்தது. மூன்றடிக்கு ஒரு தொங்கல் செய்து தங்கச்சிக்குக் கொடுத்தேன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா" என்றாள். அந்தச் சேலையை ஒருமுறை சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வெட்டியது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கேட்காமல் வெட்டியது பெரிய தப்பு. கும்பகோணத்துக்காரரே, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் கேளுங்கள். வெளியூரில் இருந்தால் போன் செய்யுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

இதற்கு மேல் இந்த விவாதத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றக் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (வேலூர்): எந்த மெஷின் நல்லது மேடம்?

மேலே கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (மணப்பாறை): குரோஷாவில் குழந்தைப் போர்வை போட எத்தனை கண்டு நூல் வேண்டும்?

குரோஷா எனக்குத் தெரியாது. நூல் வாங்கும் கடையிலேயே கேளுங்கள், போடத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

கேள்வி (காரைக்குடி): என்னிடம் ஐந்து போர்வை பாதியில் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

ஐந்தையும் கட்டிலில் பரப்புங்கள். எது யாருக்கு என்று உடனே பதில் சொல்ல முடிகிறதோ அதை எடுங்கள். மற்ற நான்கையும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அவற்றில் பார்த்தாலே பிடிக்காதது ஒன்று கட்டாயம் இருக்கும், அதைத் தலையணை உறையாகவோ கால்மிதியாகவோ வெட்டிவிடுங்கள். அதுவும் முடித்த கணக்குதான். எடுத்ததை ஒரு கூடையில் ஊசி, நூல், கத்தரியோடு போட்டு, தினமும் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அடுத்த வரிக்கு நூல் கோத்து, முதல் நாலு தையல் போட்டுவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. அதற்கு முன் சாயம் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் வெட்டியது என்றாலும் பாருங்கள்.

கேள்வி (வேலூரிலிருந்து இன்னொருவர்): மெஷின்...

வாங்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு, முதலில் கேட்டவர்): அக்கா, மேல் துணியை வெட்ட இன்னும் தைரியம் வரவில்லை. அதுவரை கைப்பழக்கத்துக்கு என்று நீங்கள் சொன்ன கவந்தி முறையில் ஒரு சின்னப் போர்வை மத்தியானமே தொடங்கிவிட்டேன். இரண்டு ஓரம் வந்துவிட்டது. ஆனால் அடித் துணி நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது. பிரிக்கவா?

பிரிக்காதீர்கள். ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது நூலை இறுக்கினால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு வரி முடிந்ததும் துணியை இரண்டு கையாலும் நீவிவிட்டு, நூலில் சுருக்கம் இல்லை என்று பார்த்த பிறகு முடிச்சுப் போடுங்கள். அப்படியும் நடுவில் கொஞ்சம் மிஞ்சினால் அதை ஒரு சின்ன மடிப்பாகப் படிய வைத்து, அதன் மேல் ஒரு துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நல்ல நிறத் துண்டு எதுவோ, அதை அந்த இடத்துக்கு எடுத்து வையுங்கள்.