தென்னாப்பிரிக்கப் பூக்கிழங்குகள் வீட்டில் ஏன் பூப்பதில்லை?

பூக்கிழங்கு என்பது செடி தன் உணவைச் சேர்த்து வைக்கும் நிலத்தடிப் பகுதி. தென்னாப்பிரிக்க வகைகள் இலை மட்டும் விட்டுப் பூக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நாம் அவற்றைத் தூங்க விடுவதில்லை, அதாவது இலை காய்ந்து வளராமல் ஓய்வெடுக்க விடுவதில்லை.

கேப் டவுன் பக்கம் மழை பெய்வது அங்கத்திய குளிர்காலத்தில், ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை. கோடை காய்ந்து கிடக்கும். அந்த மண்ணில் பிறந்த ஃப்ரீசியா, லாக்கெனாலியா எல்லாம் குளிரில் வளர்ந்து பூத்து, கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கும். கிழக்கே டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் நேர்மாறு. அங்கே கோடை மழை; அந்தப் பக்கத்து யூகோமிஸ் என்ற பூக்கிழங்கு குளிர்காலத்தில்தான் உறங்கும். அதனால் வாங்கும்போதே எந்தப் பக்கத்துச் செடி என்று கேட்டுவிடுங்கள். உரத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

கூடையில் உலர்ந்து கிடக்கும் வெங்காயம் பல நாள் கெடாது. ஈரம் பட்டால் அழுகிவிடும். உறங்கும் கேப் டவுன் பக்கத்துக் கிழங்கும் அப்படித்தான். அப்புறம், நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும்.

பருவ முடிவில் இலை மஞ்சளானால் செடி சாகிறது என்று பலர் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உண்மையில் இலையின் சத்து கிழங்குக்குத் திரும்பும் நேரம் அது, தண்ணீரைக் குறைக்க வேண்டியதும் அப்போதுதான்.